முல்வி வீட்டுக் கல்

ஃபின்டன் புரோடருக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. வியாழக்கிழமை மத்தியானம் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தவன், முதலில் மழை பெய்ததைப் பற்றிப் பேசினான். பிறகு மழை பெய்யாமல் போனதைப் பற்றிப் பேசினான். உலர்திராட்சை ரொட்டியில் இரண்டு துண்டை வெண்ணெயோடு உள்ளே தள்ளினான். மூன்றாவது துண்டுக்குக் கை நீளும்போது "மிஸஸ் டியர்னி" என்று ஆரம்பித்தான். மற்ற நாளெல்லாம் அவனுக்கு நான் டிம்ப்னாதான். மிஸஸ் டியர்னி ஆகிவிட்டேன் என்றால் ஏதோ வில்லங்கம் வருகிறது என்று அர்த்தம்.

"ஞாயித்துக்கிழமை மேல பேர் கூப்பிடணும்."

"வருஷா வருஷம் நடக்கறதுதானே. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. கீழ் வீடு... இதோட மூணாவது வருஷம்."

கீழ் வீடு என்றால் என் அண்ணன் கோல்மன் முல்வியின் வீடு. நான் பிறந்த வீடும் அதுதான். எங்கள் வாசலில் நின்றால் அதன் புகைபோக்கி தெரியும். பத்தொன்பது வருஷமாக அந்தப் பக்கம் பார்க்காமல் துணி உலர்த்தப் பழகியிருக்கிறேன்.

ஃபின்டன் 'மேல' என்றது கல்மேட்டை. அது கணவாயின் உச்சியில் இருக்கிறது, பாதை மறுபக்கம் இறங்கத் தொடங்கும் இடத்தில். உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போய் நாடே பட்டினி கிடந்த காலத்தில், எங்கள் ஏரிக்கரை வீடுகளிலிருந்து ஒரு கூட்டம் மாவு வாங்க அந்தக் கணவாயைத் தாண்டிப் போனது. கிடங்குக் கதவு பூட்டியிருந்தது. வெறுங்கையோடு திரும்பும்போது பனி பிடித்துக்கொண்டது. ஒன்பது பேர் வீடு வந்து சேரவில்லை. அடுத்த ஜூலைக் கடைசி ஞாயிறு, புதுக் கிழங்கு தோண்டும் நாளில், மிச்சம் இருந்தவர்கள் மேலே ஏறி வீடு வீடாகப் பேர் கூப்பிட்டுப் பார்த்தார்கள். யார் யார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். பதில் சொன்ன வீடு ஒவ்வொன்றும் ஒரு கல்லை வைத்தது. அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் நிற்கவில்லை.

ஏரிக்கரையிலிருந்து மேலே வரும் வரிசைப்படி கூப்பிடுவார்கள்; இப்போது கூப்பிடுகிறவன் ஃபின்டன். "இருக்கோம்" என்று சொல்லிவிட்டு அந்த வீட்டு ஆள் கல்லை வைக்க வேண்டும். வீட்டுக்கு ஒரு கல். அது அந்த வீட்டு நிலத்துக் கல்லாக இருக்க வேண்டும், வீட்டுக்காரர் தன் கையால் எடுத்துக் கொடுத்ததாகவும் இருக்க வேண்டும். கொண்டு போகிறவர் அந்த வீட்டில் பிறந்தவராக இருக்கலாம், அல்லது அந்தக் கூரைக்குக் கீழே தூங்குகிறவராக இருக்கலாம். பதில் வராத வீட்டை மூன்று முறை கூப்பிடுவார்கள். தொடர்ந்து மூன்று வருஷம் பதில் வராவிட்டால் அதன் பிறகு அந்தப் பேர் கிடையாது. யாரும் அழுவதில்லை, அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. முந்தின பேரிலிருந்து அதற்கு அடுத்த பேருக்குத் தாண்டிவிடுவார்கள், அவ்வளவுதான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது நாற்பத்தொரு வீடு. இப்போது பதினேழு.

கோல்மன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே தூங்க அவனையும் நாயையும் விட்டால் ஆள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் இடுப்பில் ஆபரேஷன். அதன் பிறகு இரண்டு ஊன்றுகோலோடு வாசலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடக்கிறான். கணவாய் ஏறுவது நடக்காத காரியம். ஃபின்டன் அவனிடம் போய்ப் பேசிப் பார்த்தானாம். "விட்டுத் தொலை, பேர் போனா மழை பெய்யாதா" என்று கோல்மன் சொல்லி அனுப்பிவிட்டானாம். அதற்கு மேல் ஃபின்டன் எனக்கு எதையும் விளக்கவில்லை. மேஜை விரிப்பில் ரொட்டித் தூளை விரலால் ஒன்றுசேர்த்துக்கொண்டே சொன்னான்:

"அந்த வீட்டுல பொறந்தவங்க யாராவது கொண்டு வந்தா செல்லும். நான் சும்மா சொல்றேன்."

"ஃபின்டன், நான் டியர்னி வீடு. நாப்பத்திரெண்டு வருஷமா டியர்னி வீடு. அந்தத் துண்டையும் எடுத்துக்கிட்டுக் கிளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவனுக்கு, விடுமுறையான ஜூலையில் என்ன பஸ். இருந்தாலும் எழுந்து போய்விட்டான், துண்டையும் எடுத்துக்கொண்டு.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பேரை வாசிக்காமல் விட்டால் எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரியட்டுமே என்றுதான் நினைத்தேன்.

பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய நவம்பரில் அம்மா படுக்கையில் இருந்தாள். மான்செஸ்டரில் என் மகளுக்குத் தலைப்பிரசவம். ஐந்து நாள் போய்விட்டு வருகிறேன் என்றேன். போகாதே என்றான் கோல்மன். அம்மாவின் நிலைமை எனக்குத் தெரியாதா, அவள் கிறிஸ்துமஸ் தாண்டுவாள் என்று சொல்லிவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். ராத்திரிக் கப்பலைப் பிடித்து, பஸ் மாறி, காலையில் வீட்டுக்குள் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபோது வானொலியில் ஒன்பது மணி மரண அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மாவட்டத்தில் கதவைப் பூட்ட மறந்தாலும் மறப்பார்கள், அந்த அறிவிப்பைக் கேட்க மறக்க மாட்டார்கள். கறுப்புக் கோட்டை எடுத்து வைப்பதா, வைக்கோலைப் புரட்டப் போவதா என்பதே அதைக் கேட்டுத்தான் முடிவாகும்.

அம்மாவின் பேரை, ஓனோரா முல்வி என்று வாசித்தார்கள். அன்பு மகன் கோல்மன், அண்டை வீட்டார், நண்பர்கள் என்று வாசித்தார்கள். அவ்வளவுதான். அடுத்த பேருக்குப் போய்விட்டார்கள்.

மகள் என்ற சொல்லே அதில் இல்லை. மாவட்டம் முழுக்கக் கேட்டிருக்கும். நான் போய் வானொலியின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிப் போட்டேன். இந்த வீட்டில் இனி யாரும் அம்மாவின் அறிவிப்பைப் பற்றி என்னிடம் மூச்சு விடக்கூடாது என்று என் கணவன் மாலக்கியிடம் சொன்னேன். மாலக்கி சொன்னதைச் செய்கிற மனுஷன். அடக்கத்தின்போது கோல்மன் பெஞ்சின் ஒரு கோடி, நான் மறு கோடி. ஊர்க்காரர்கள் வரிசையில் வந்து அவன் கையைக் குலுக்கினார்கள், என் கையையும் குலுக்கினார்கள், உங்கள் துக்கத்துக்கு வருத்தம் என்றார்கள். வேறு ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சொல்லவும் மாட்டார்கள். அன்றிலிருந்து நான் மரண அறிவிப்பு கேட்பதில்லை. யார் செத்தார்கள் என்று மாலக்கிதான் காரில் கேட்டுவந்து எனக்குச் சொல்வான்.

வெள்ளிக்கிழமை துணி உலர்த்தினேன். கிளிப்புகளைப் போட்டுக்கொண்டே வாய் தானாக அந்த வரிசையைச் சொல்ல ஆரம்பித்தது. சின்ன வயதில் நாங்கள் கயிறு தாண்டும்போதுகூட இதைத்தான் சொல்வோம். கொனீலி, ரஃப்டர், கில்பேன், முல்வி, டியர்னி. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். கில்பேன், டியர்னி. இன்னொரு தடவை சொன்னேன். கில்பேன், டியர்னி. அம்மாவின் பேரும் அப்பாவின் பேரும் அந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் எங்கோ விழுந்து காணாமல் போயின. நான் பிறந்த இடமே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. கையில் தலையணை உறையோடு அப்படியே நின்றேன். சந்தோஷமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

ஆனால் வீம்பு போகவில்லை. அவனிடம் போய்க் கேட்கவா? செத்தாலும் மாட்டேன். ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கல்லைத் திருடிவிடுவது. கீழ் வயல் சுவரிலிருந்து ஒரு கல் காணாமல் போனால் யாருக்குத் தெரியும்? அவன் கையால் கொடுத்தது என்று சொல்லிவிட்டால் அவனா மேலே வந்து மறுக்கப் போகிறான்? அறுபத்தேழு வயதில், மாதா கோயிலில் பூ அலங்காரம் செய்கிறவள், இப்படி யோசித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு, முட்டைக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். யாராவது பார்த்தால் கில்பேன் வீட்டுக்கு முட்டை கொண்டு போகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கீழ் வயல் சுவர் எங்கள் பக்கத்து மற்றச் சுவர்களைப் போலத்தான். சாந்து கிடையாது, கல்மேல் கல் அடுக்கியது, ஓட்டைகள் வழியாகக் காற்று போகும். கேட்டுக்குப் பக்கத்தில் மேல் வரிசையில் கைக்கு அடக்கமாக ஒரு கல் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்து அசைத்தேன்.

"அதை எடுக்காத. அதை எடுத்தா அந்தப் பக்கம் மொத்தமும் சரிஞ்சிடும்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. பத்தொன்பது வருஷத்தில் என் அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

எட்டிப் பார்த்தேன். வயலுக்குள் சமையலறை நாற்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஊன்றுகோல்கள் சுவரில் சாய்ந்திருந்தன. நாய் அவன் காலடியில் படுத்திருந்தது. அது என்னைப் பார்த்துக் குரைக்கக்கூட இல்லை. ரொம்ப மெலிந்துபோயிருந்தான். புகைபோக்கியைக்கூடப் பார்க்காமல் இருந்தவளுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்.

"கல்லுதான் திருட வந்தேன்," என்றேன். வேறு என்ன சொல்வது.

"அது தெரியுது. ஃபின்டன் சொல்லி அனுப்பினானா?"

"யாரும் அனுப்பல."

நான் கல்லிலிருந்து கையை எடுத்தேன். ஏரியில் வாத்துகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. திரும்பிப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். பத்தொன்பது வருஷம் தொண்டையில் வைத்திருந்தது அங்கே, சுவருக்கு மேலாக, சாதாரணமாக வெளியே வந்தது.

"அம்மா அறிவிப்புல என் பேரை விட்டுட்டே கோல்மன்."

"விட்டேன்," என்றான். மறுக்கவே இல்லை. "அவ கடைசி ராத்திரி முழுக்க உன்னைத்தான் கேட்டா. டிம்ப்னா வந்துட்டாளா, டிம்ப்னா வந்துட்டாளான்னு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. மறுநாள் விடியக்காலைல போன்ல சொல்லும்போது உன் பேரைச் சொல்லல. வேணும்னுதான் சொல்லல."

அம்மா கேட்டாள் என்பதை அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அப்புறம் அவன் சொன்னான்:

"அதான் சாயங்காலத்துக்குள்ள மாத்திட்டேனே. அதுக்கப்புறமும் நீ முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனா நான் என்ன பண்றது?"

"என்ன சாயங்காலம்?"

"அஞ்சரை மணி அறிவிப்பு. மதியமே போன் பண்ணி மறுபடி எழுதச் சொன்னேன். மகள் டிம்ப்னா, மருமகன் மாலக்கி, பேத்தி, அப்பதான் பொறந்த குழந்தை வரைக்கும் போடச் சொன்னேன். உன் பேரைத்தான் முதல்ல வாசிச்சாங்க, எனக்கு முன்னாடி. நீ கேக்கலையா?"

நான் கேட்கவில்லை. கம்பி தரையில் கிடந்தது.

அவன் பத்தொன்பது வருஷமாக, தான் செய்த தப்பை ஊரறியத் திருத்தியும் தங்கை மன்னிக்கவில்லை என்று முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறான். நான் பத்தொன்பது வருஷமாக, அவன் திருத்தவே இல்லை என்று முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். மாவட்டமே சாயங்கால அறிவிப்பைக் கேட்டிருக்கிறது. நானும் கேட்டிருப்பேன் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு, மரியாதையாக வாயை மூடிக்கொண்டு என் கையைக் குலுக்கியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"ஏன் வாய்விட்டுச் சொல்லல?"

"நீ ஏன் வாய்விட்டுக் கேக்கல?"



பேர் போனால் பரவாயில்லை என்று ஃபின்டனிடம் சொன்னது நிஜமா என்று கேட்டேன். அவன் நாயின் காதைச் சொறிந்துகொண்டே இருந்தான். கணவாயைப் பார்த்தபடி பதில் சொன்னான்.

"போன வருஷம் இங்கதான் உக்காந்திருந்தேன். துளிகூடக் காத்து இல்ல. ஃபின்டன் கூப்பிடறது நல்லா கேட்டுது, அவனுக்குத்தான் மாடு ஓட்டற தொண்டையாச்சே. கில்பேன்னான். அப்புறம் முல்வின்னான். மூணு தடவை கூப்பிட்டான் டிம்ப்னா. மூணு தடவையும் நான் இங்கருந்தே இருக்கேன், இருக்கேன்னு சொன்னேன். யாருக்குக் கேக்கும்."

இதை அவன் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை. ஆட்டுக்கு வைத்தியம் பார்த்ததைச் சொல்கிற குரலில்தான் சொன்னான். அந்த நேரத்தில் நான் மேலே, கல்மேட்டுக்குப் பக்கத்தில், டியர்னி வீட்டுக் கல்லை வைத்துக்கொண்டு, ஃபின்டன் சீக்கிரம் எங்கள் பேருக்கு வரமாட்டானா என்று நின்றிருந்தேன். அடுத்த பேர் எங்களுடையதுதானே.

"கல்லைக் குடு," என்றேன்.

ஊன்றுகோலை எடுத்துச் சுவரைக் காட்டினான். அந்தக் கல்லா என்றால் இல்லை, அது மூலைக்கல். இதுவா என்றால் அது அப்பா வைத்தது, தொடாதே. அடுத்தது பிளந்த கல், மேலே போவதற்குள் இரண்டாகிவிடும். நான் கையெல்லாம் பாசியோடு குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தேன், அவன் ராஜா மாதிரி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் தள்ளுபடி செய்தான். கடைசியில் கேட்டடியில் புல்லுக்குள் கிடந்த ஒன்றைக் காட்டினான். இருந்ததிலேயே பெரியது அதுதான், ஒரு நல்ல முட்டைக்கோஸ் அளவு. நான் அதை உருட்டிக்கொண்டு போய் அவன் மடியில் வைத்தேன். அவன் இரண்டு கையாலும் எடுத்து, முறைப்படி, என் கையில் கொடுத்தான்.

"இதைவிடப் பெருசு கிடைக்கலையா?" என்றேன்.

"தேடினா கெடைக்கும். இரு."

வீட்டுக்குப் போனபோது மாலக்கி பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். கூடையை மேஜைமேல் வைத்தேன், மேஜை முனகியது. அவன் கல்லைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பூட்ஸைப் பார்த்தான்.

அம்மா செத்து நான் திரும்பி வந்த அன்றைக்கு அஞ்சரை மணி அறிவிப்பைக் கேட்டாயா என்று கேட்டேன். கேட்டேன் என்றான். பெட்ரோல் போடும் இடத்தில், காரில் கேட்டானாம். நம் இருவர் பேரும் வந்தது, நன்றாகத்தான் வாசித்தார்கள் என்றான்.

"அதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"அதைப் பத்தி மூச்சு விடக்கூடாதுன்னு நீதானே சொன்னே."

பூட்ஸைத் தூக்கி அவன் மேல் எறிந்திருப்பேன். ஆனால் அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. நான்தான் சொன்னேன். அவன் பத்தொன்பது வருஷமாகச் சொல்பேச்சு கேட்டிருக்கிறான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்காமல் இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டு அவனுக்கு டீ போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயிலும் இல்லை, மழையும் இல்லை. ஏரி அசையாமல் கிடந்தது. பூசை முடிந்து, புதுக் கிழங்கு அவித்துத் தின்றுவிட்டு, இரண்டு மணிக்குமேல் எல்லாரும் ஏறத் தொடங்கினோம். மாலக்கி கோட்டுப் பையில் டியர்னி வீட்டுக் கல் இருந்தது, ஒரு பன் அளவுதான். மாலக்கி எதையும் தேவைக்குமேல் செய்ய மாட்டான். என் கூடையைத் தான் தூக்குகிறேன் என்றான். தொடாதே என்றேன். பாதி வழியில் மூச்சு வாங்கியது, கைப்பிடி விரலை அறுத்தது. கோல்மனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறினேன். திட்டுவதற்கு அண்ணன் திரும்பக் கிடைத்ததில் சுகமாகத்தான் இருந்தது.

கூடையில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் பார்த்தார்கள். கில்பேன் வீட்டுக்காரி பார்த்துவிட்டு வானிலை பற்றி ஏதோ சொன்னாள்.

கல்மேடு இப்போது இரண்டு ஆள் உயரம். அடியில் இருக்கும் கற்கள் கறுத்துப் பாசி ஏறிவிட்டன, மேலே போகப்போக வெளுப்பு. அங்கிருந்து பார்த்தால் ஏரி முழுக்கத் தெரியும், பாதை தெரியும், எங்கள் வீடும் அதற்குக் கீழே கோல்மன் வீடும் தெரியும். கீழ் வயலைத் தேடிக் கண்டுபிடித்தேன். பச்சைக்கு நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி இருந்தது. உட்கார்ந்திருந்தான்.

மூன்று மணிக்கு ஃபின்டன் தொப்பியைக் கழற்றினான். முதலில் அந்த ஒன்பது பேருக்காகக் கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் கூப்பிட ஆரம்பித்தான். ஒவ்வொரு வீடாக முன்னால் போய், "இருக்கோம்" என்று முணுமுணுத்துவிட்டுக் கல்லை வைத்துத் திரும்பியது. சத்தமாகச் சொல்வது எங்கள் வழக்கம் இல்லை. இருப்பதைப் பெருமையடித்துக்கொள்வது நன்றாக இருக்காது என்று சொல்வார்கள், எத்தனையோ வீடு இல்லாமல் போன இடத்தில்.

"கில்பேன்."

கில்பேன் வீட்டுக்காரி போய் வைத்துவிட்டு வந்தாள். ஃபின்டன் என்னைப் பார்க்கவில்லை. தொப்பிக்குள் இருந்த தாளைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"முல்வி."

நான் முன்னால் போனேன். கல் யார் கொடுத்தது என்று ஃபின்டன் கேட்க வேண்டும், புது ஆள் வந்தால் அதுதான் முறை. கோல்மன் முல்வி தன் கையால் கொடுத்தான் என்றேன். நீ யார் என்று கேட்க வேண்டும். டிம்ப்னா, முல்வி வீட்டு மகள் என்றேன். நன்றாக மூச்சு இழுத்துக்கொண்டு, கல்மேட்டுக்கு முதுகைக் காட்டி, ஏரியைப் பார்த்துத் திரும்பினேன்.

"இருக்கோம்!"

என் தொண்டையில் அத்தனை சத்தம் இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஆடுகள் ஓடின. யாருடைய குழந்தையோ அழ ஆரம்பித்தது. ஃபின்டன் தாளைக் கீழே போட்டுவிட்டான். எதிர்ச் சரிவில் பட்டு இன்னொரு தடவை வேறு கேட்டது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள், பார்க்கட்டும். நான் கீழ் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கே ஒரு புள்ளி இரண்டு புள்ளியாயிற்று. நாற்காலி தனியாகத் தெரிந்தது. பக்கத்தில் அவன் எழுந்து நின்றிருந்தான்.

கல்லை வைத்தேன். அது இருந்த கனத்துக்கு நாலு கல்லைச் சரித்துக்கொண்டுதான் உட்கார்ந்தது. "டியர்னி" என்று ஃபின்டன் கூப்பிட்டது காதில் விழுந்தது. "இருக்கோம்" என்று மாலக்கி தன் சட்டைக் காலருக்குச் சொன்னான். கில்பேன், முல்வி, டியர்னி. எண்ணிக்கை பதினேழாகவே இருந்தது.

இறங்கும்போது மாலக்கியை முன்னால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, நான் நேராகக் கீழே போனேன். கோல்மன் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"ரொம்பச் சத்தம் போட்ட," என்றான்.

"கேட்டுச்சா?"

"ஏரிக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்டிருக்கும்."

"கேக்கட்டும். நாளைக்கு யாரும் எனக்குக் கேக்கலைன்னு சொல்லக்கூடாது."

அவன் முகத்தை நாய்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு ஊன்றுகோல்களை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். நாலு அடி போனவன் திரும்பாமலே சொன்னான்:

"அந்த நாற்காலியை உள்ள கொண்டு வா. என்னால தூக்க முடியாது."

நான் கேட்டைத் திறந்து வயலுக்குள் போய், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடந்தேன்.